பெயருக்கு விட்ட இடம்

“சிஸ்டர், செத்த பிள்ளைக்கு எந்த இராகத்தில தாலாட்டுப் பாடுறது?”

சிஸ்டர் எமரென்சியா தலை நிமிரவில்லை. ஞாயிறு பூசையில் சனத்துக்கு நற்கருணையாகக் கொடுக்கிற அப்பம் வெட்டிக்கொண்டிருந்தார். காகிதம்போல மெல்லிய மாத்தகடு. கையில் வட்ட அச்சு. ஒரு அழுத்து, ஒரு அப்பம்.

“எந்தப் பிள்ளை?”

“மாதுமை.”

“அது பெயர். நான் பிள்ளையைக் கேட்டனான்.”

தயாபரி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வழியெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் மனத்துக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பதிலுக்கு இன்னொரு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். ஆறு வருசத்தில் இந்த சிஸ்டரிடமிருந்து பதில் என்று ஒன்றை அவள் வாங்கிக்கொண்டு போனது கிடையாது.

வயதில் தயாபரிதான் பதினொரு வருசம் மூத்தவள். கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று ஓடி ஓடிப் பாடி, முப்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள் அவள் குரல் கிழிந்துபோனது. டொக்டர்மார் கைவிரித்த பிறகு ஆரோ சொல்லி, கடலோரத்தில் இருந்த இந்தக் கன்னியர் மடத்துக்கு வந்தாள். கோயில் பாடற்குழுவைப் பழக்குகிற இளம் சிஸ்டர் ஒருவர் நின்றார். மூன்று மாதம் அவர் ஒரு சொல்லும் பாட விடவில்லை. கிணற்றடியில் இருந்து மூச்சு விடச் சொன்னார். அவ்வளவுதான். நாலாம் மாதம் குரல் தன்பாட்டில் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து அவர் குரு, இவள் சிஷ்யை. அவர் இவளை “அக்கா” என்பார். இவள் அவரை “சிஸ்டர்” என்பாள்.

“இருங்கோ அக்கா. ஆறுதலாச் சொல்லுங்கோ.”

தயாபரி இருக்கவில்லை. நின்றபடியே கைப்பேசியை நீட்டினாள்.

நோர்வேயில் பேர்கன் நகரத்திலிருந்து அன்று காலை வந்த செய்தி.

‘நான் மாதுமையின்ர அம்மா, துளசிகா. என்ர மகள் நாலு நாள்தான் இருந்தவள். அவள் பள்ளிக்கூடம் போவாள், பட்டம் பெறுவாள் எண்டு பாடி, முப்பத்தொண்டுக்கு வாழ்த்தும் போட்டிருக்கிறீங்கள். அதைப் பாத்திட்டுக் கனடாவில இருந்து சனம் எனக்கு வாழ்த்துச் சொல்லுது. நான் எழுதினதை நீங்கள் வாசிக்கவே இல்லையோ?’

சிஸ்டர் இரண்டு தரம் வாசித்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அச்சைத் தூக்கி மாத்தகட்டின்மேல் வைத்தார். அழுத்தவில்லை.

“இது எப்பிடி நடந்தது?”

தயாபரி கதிரையின் நுனியில் இருந்தாள். சொன்னாள்.

குரல் திரும்பிய பிறகு அவளுக்கு மேடை பிடிக்கவில்லை. இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். ‘உங்கள் பிள்ளையின் பெயரில் ஒரு தாலாட்டு.’ ரொறன்ரோ, பாரிஸ், லண்டன், மெல்பேர்ண் என்று தமிழர் குடியேறிய ஊர்களிலிருந்தெல்லாம் கேட்டார்கள். அங்கேயும் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற தீட்டை, துடக்கை, கழிக்கிறார்கள். தலை மழித்துப் பெயர் சொல்கிற நேரம், மண்டபத்தில் ஸ்பீக்கரில் தயாபரி பாடுவாள். பிள்ளையின் பெயர் ஸ்பீக்கரில் வரும்போது சனம் கைதட்டும். ஒரு பிள்ளைக்குப் பாடினால் அந்த மண்டபத்திலிருந்தே இன்னும் மூன்று பேர் கேட்பார்கள்.

பாட்டு ஒன்றுதான். நாலு வருசத்துக்கு முன் ஒரே ஒரு தரம் பாடிப் பதிந்தது.

பள்ளிக்கு நீ நடந்தால் பாதையெல்லாம் பூச்சொரியும்,
… கண்ணே, உறங்கு.
பட்டம் நீ பெற்றுவந்தால் ஊரெல்லாம் பேர்சொல்லும்,
… கண்ணே, உறங்கு.

பெயர் வருகிற இடங்களில் ஒன்றும் பாடாமல் விட்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் உப்புத்தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துவிட்டு, பெயர்களை மட்டும் வரிசையாகப் பாடுவாள். ஒரே மூச்சில் இருபது, முப்பது பெயர். பிறகு கணினியில் ஒவ்வொன்றாக வெட்டி, விட்ட இடத்தில் ஒட்டுவாள். வெளிநாட்டில் வைக்கிற சில பெயர்கள் நாக்கைப் பிடித்துத் திருகும். “இதுகளைப் பாடுறதைவிட மிளகாய்த்தூள் இடிக்கலாம்” என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மாதுமை அப்படியில்லை. போன கிழமைத் திங்களில் வாய்க்கு இதமாக வந்து விழுந்த பெயர் அது ஒன்றுதான்.

“அதாலதான் சிஸ்டர் அதை எடுத்துப் பக்கத்தில போட்டனான். வடிவா வந்ததை விளம்பரத்துக்குப் போடுறது வழக்கம். ரொறன்ரோவில சனம் எழும்பிற நேரம் பாத்துப் போட்டன். ‘மாதுமைக் குட்டிக்கு முப்பத்தோராம் நாள் வாழ்த்துகள்’ எண்டு, கரடிப் பொம்மைப் படமும் வைச்சு. ஒரு நாளில ஆயிரத்து நாநூறு பேர் இதயம் போட்டவை.”

“பிள்ளை இல்லையெண்டு தெரியாதோ?”

“படிவத்தில மூண்டு பெட்டி இருக்கு. பெயர். எப்ப வேணும். பிள்ளையைப் பற்றி நாலு வரி. எப்ப வேணுமெண்ட பெட்டியில முப்பத்தோராம் நாள் எண்டு போட்டிருந்தா. நான் பிறந்த முப்பத்தொண்டு எண்டு நினைச்சன். செத்த வீட்டுக்கும் முப்பத்தொண்டு இருக்கிறது எனக்குத் தெரியாததே? அந்த நேரம் நினைவு வரேல்ல.”

“மூண்டாவது பெட்டி?”

“அதை நான் பாக்கிறேல்ல.”

“ஒருக்காலும்?”

“ஒருக்காலும். பாட்டு ஒண்டுதானே சிஸ்டர். அதை வாசிச்சு என்ன செய்யிறது?”

“அப்ப அந்தப் பெட்டி ஏன்?”

தயாபரி தரையைப் பார்த்தாள்.

“இணையப் பக்கம் செய்து தந்த தம்பி சொன்னவர். அப்பிடி ஒண்டு இருந்தால் சனத்துக்குப் பிடிக்குமாம். வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு, மனசில கிடக்கிறதைச் சொல்ல ஆள் இல்லையாம்.”

வெளியில் கடற்காற்று தென்னோலைகளை உலுப்பியது.

“அவா என்ன எழுதியிருக்கிறா?”

“இன்னும் திறக்கேல்ல. பயமாக் கிடக்கு.”

“ம்.”

“பக்கத்தில போட்டதை உடன எடுத்திட்டன். ஆனால் பாத்த சனம் பாத்ததுதானே. வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள். அதுக்கிடையில அந்தத் தாய்க்கு நல்ல பாட்டு ஒண்டு குடுக்க வேணும் சிஸ்டர். இல்லாட்டி எனக்கு இனி வாய் திறக்க ஏலாது. பிழை விட்டது பாட்டால. பாட்டாலதான் தீர்க்க வேணும். இராகத்தை மட்டும் சொல்லுங்கோ.”

சிஸ்டர் வெட்டிய அப்பங்கள் கிடந்த தட்டத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“இதில ஒண்டை எடுத்து, இது ஆருக்கெண்டு சொல்லுங்கோ.”

“அதெப்பிடிச் சொல்லுறது? எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு.”

“ஓம். அப்பம் அப்பிடி இருக்கலாம்.”

மறுபடி அச்சை எடுத்தார். ஒரு அழுத்து, ஒரு அப்பம்.

பஸ்ஸில் திரும்பும்போது தயாபரி யோசித்தாள். பழைய பாட்டு வேண்டாம், புதிதாக ஒன்று பாடு என்கிறார். வேறென்ன?

திங்கள் பின்னேரமும் செவ்வாய் முழுவதும் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சோறு கறிகூடச் சமைக்கவில்லை. புதிய சொல் எழுதினாள். பள்ளிக்கூடம் இல்லை, பட்டம் இல்லை. வந்த வழியே திரும்பிப் போன அலை இருந்தது. விடிய முன்னம் மறைந்த வெள்ளி இருந்தது. இராகத்தை அவளே தேடிப் பிடித்தாள். பாடும்போது இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. அந்த உடைவை அழிக்காமல் விட்டாள்.

செவ்வாய் மத்தியானம் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது, பல்கலைக்கழகச் சோதனை எழுதிவிட்டு வந்த மகள் கூடத்துக் கட்டிலில் அயர்ந்து கிடந்தாள். தயாபரி போய்ப் பக்கத்தில் நின்றாள். தன்னை அறியாமல் மகளின் மூக்கடியில் விரலை வைத்தாள். சூடான மூச்சு வந்து விரலில் பட்டது. எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“அம்மா,” என்றாள் மகள் கண் திறக்காமல். “எனக்குப் பத்தொன்பது வயசு.”

“தெரியும். நீ படு.”

புதன்கிழமை காலை மடத்தில் சிஸ்டர் மெழுகுதிரித் தண்டுகளில் உறைந்திருந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். தயாபரி ஒன்றும் சொல்லாமல் காதுக்குழாயை நீட்டினாள். சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தார்.

ஆறு நிமிடப் பாட்டு. மூன்றாம் நிமிடத்தில் சிஸ்டரின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. தயாபரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வருவது போலிருந்தது.

சிஸ்டர் காதுக்குழாயைக் கழற்றினார்.

“நீங்கள் இப்பிடி ஒரு நாளும் பாடேல்ல அக்கா.”

ஆறு வருசத்தில் முதல் பாராட்டு. தயாபரி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

“இப்பவே அனுப்பட்டோ?”

“ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ.”

“இதில வேற பெயர் போட்டாலும் பொருந்துமோ?”

தயாபரி காதுக்குழாயின் வயரை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

சிஸ்டர் கத்தியை எடுத்து அடுத்த தண்டைச் சுரண்டத் தொடங்கினார். மெழுகு சின்னச் சின்னச் சுருளாக விழுந்தது.

“இடம் விட்டுத்தான் பாடினனான்,” என்றாள் தயாபரி கடைசியில். குரல் நிலத்தோடு கிடந்தது. “பெயரைக் கடைசியாத்தான் ஒட்டினனான். பழக்கதோசம்.”

கத்தி நிற்கவில்லை.

“பொய் சொல்லப்படாது. பழக்கம் மட்டுமில்ல, சிஸ்டர். பாடி முடிக்கேக்க ஒரு நினைப்பு வந்தது. பிள்ளையைப் பறிகுடுத்த தாய்மார் அங்க இன்னும் கனபேர் இருப்பினம். அவைக்கும் உதவும் எண்டு.”

சொல்லிவிட்டு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிஸ்டர் அவளைத் தேற்றவில்லை. அந்தத் தண்டைச் சுரண்டி முடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார்.

அழுகை அடங்கியது.

“வாசியுங்கோ அக்கா.”

எதை என்று தயாபரி கேட்கவில்லை. கைப்பேசியில் படிவத்தைத் திறந்தாள். மூன்றாவது பெட்டி. பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகம் வாசிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, உரத்து வாசித்தாள்.

“மகள் மாதுமை. நாலு நாள் இருந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருந்தவள். வயருகள் கொழுவியிருந்தபடியால் தூக்க விடேல்ல. கையை மட்டும் உள்ள விட்டுக் காலைத் தொட்டனான். எனக்குப் பாட வராது. அய்யரைக் கேட்டம். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சடங்கு ஒண்டும் இல்லை எண்டிட்டார். அதால முப்பத்தோராம் நாளில அவளுக்கெண்டு ஒண்டும் இல்லை. ஒரு பாட்டாவது அவளுக்கெண்டு இருந்தால் நல்லம். அவளைப் பற்றி எழுத இன்னும் இருக்கு. இந்தப் பெட்டியில இடம் காணாது.”

கடைசி வரியை வாசித்தபோது சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

சிஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். இருவரும் மெழுகுச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எங்கேயோ மடத்துப் பசு கத்தியது. கன்று பதில் சொன்னது.

தயாபரி கைப்பேசியில் அந்த ஆறு நிமிடப் பாட்டைத் தேடி எடுத்தாள். அழித்தாள். ‘நிச்சயமாகவா?’ என்று கைப்பேசி கேட்டது. அழித்தாள்.

“இனி என்ன செய்ய, சிஸ்டர்? நாளண்டைக்கு வெள்ளி.”

சிஸ்டர் எழும்பினார். உடுப்பில் ஒட்டியிருந்த மெழுகுத் துகளைத் தட்டினார்.

“பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போறனீங்களோ அக்கா?”

“போகாமல்? சட்டையும் சவுக்காரமும் வாங்கிக்கொண்டு, பிள்ளை பாக்கப் போறதுதானே.”

“போன உடன, தாயிட்ட முதல் என்ன கேப்பீங்கள்?”

தயாபரி சொல்ல வாய் எடுத்தாள். அந்தச் சொல்லை விழுங்கினாள்.

“அது உயிரோட இருக்கிற பிள்ளையளுக்கு, சிஸ்டர்.”

சிஸ்டர் மெழுகுதிரித் தண்டுகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டார். முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்துப்பட்டது.

தயாபரி நெடுநேரம் அந்தக் கதவைப் பார்த்தாள். திறக்கவில்லை. பேர்கனில் இப்போது காலையாக இருக்கும். துளசிகாவின் செய்தி வந்த எண் கைப்பேசியில் இருந்தது. நாலு வருசத்தில் அவள் ஒரு தாயையும் கூப்பிட்டது கிடையாது.

எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்து வைக்கப் போன நேரம் துளசிகா எடுத்தாள்.

“ஆர்?”

“நான் தயாபரி. தாலாட்டு…”

அந்தப் பக்கம் கேத்தலில் தண்ணீர் சூடாகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

“பாட்டு வேண்டாம்,” என்றாள் துளசிகா. சின்னப் பெட்டையின் குரல். இருபத்தைந்து இருக்குமோ என்னவோ. “மன்னிப்பும் வேண்டாம். டொக்டரும் கேட்டிட்டார். அய்யரும் கேட்டிட்டார். வேலைத்தலத்திலயும் கேட்டிட்டினம். எல்லாரும் கேட்டு முடிஞ்சுது.”

“இல்லைத் தங்கச்சி. அதுக்கு எடுக்கேல்ல.”

“பேந்து என்னத்துக்கு?”

தயாபரி வெறுங்கையோடு பிள்ளை பார்க்க வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவளைப்போல எழும்பி நின்றாள்.

“பிள்ளை ஆரை மாதிரி, தங்கச்சி?”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை.

“மூக்கு,” என்றாள் துளசிகா.

தயாபரி கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள்.

“மூக்கு இவரை அப்பிடியே உரிச்சு வைச்சது. குழாய் ஒட்டியிருந்தது, எண்டாலும் தெரிஞ்சது. நெத்தி எங்கட அம்மான்ர. கால் மட்டும் ஆரின்ர எண்டு தெரியேல்ல அக்கா, சின்ன விரல் இருக்கெல்லோ, அது மற்ற விரலுக்கு மேல…”

இரைச்சல் கூடிக் கேத்தல் கூவத் தொடங்கியது.

“பொறுங்கோ அக்கா, வைச்சிடாதேங்கோ. அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன்.”